அழாத வகுப்பு

“என் வகுப்புப் பிள்ளைங்க அழ மாட்டேங்குதுங்க.”

வந்ததும் வராததுமாகப் பெர்பெத்துவா டீச்சர் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

மைமூன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மலையூரில் ஸ்பானிஷ் புத்தகம் கிடைக்கிற ஒரே நூலகம் அவளுடையது. டீச்சரைவிடப் பத்து வயது இளையவள்தான். என்ன செய்ய, புத்தக விஷயத்தில் டீச்சருக்கு அவள்தான் குரு.

“அழலைன்னா சந்தோஷப்படுங்க. மத்த டீச்சருங்க காதைப் பொத்திக்கிட்டு அலையறாங்க.”

“விளையாடாதீங்க மைமூன். எனக்குப் பயமா இருக்கு.”

டீச்சரின் பள்ளியில் ஒரு விதி. கேட்டுக்குள் நுழைந்தால் நாலு மணி வரை ஸ்பானிஷ்தான், தமிழில் வாய் திறக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு நாலு வயது, ஐந்து வயது. கதைப் புத்தகம் கேட்டுக் கேட்டே மொழி வந்துவிடும் என்றார்கள். வரத்தான் செய்தது, கிளி தோற்றது போங்கள்.

“நேத்து ஆதவன் விரல் கதவிடுக்குல மாட்டிக்கிச்சு. நகமே பேந்து ரத்தம் சொட்டுது. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ‘கே லிண்டோ தியா’ங்கிறான்.”

“‘எவ்வளவு அழகான நாள்’னா சொல்றான்?”

“ஆமா. மத்ததுங்க சுத்தி நின்னு அதையே ஒரே குரல்ல சொல்லுதுங்க. எல்லாம் சிரிச்ச முகம்.”

டீச்சர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

“வீட்டுல அழறானாம். கேட்டுக்குள்ள வந்தா நின்னுபோகுது. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனாகூட எனக்குத் தெரியாது மைமூன்.”

“வகுப்புல படிக்கிற புத்தகமெல்லாம் யாரு பொறுக்கினது?”

“நான்தான். ஒண்ணு விடாம அகராதி வச்சு நானே படிச்சுப் பார்த்து எடுத்தேன். ஓநாய் கிடையாது, இருட்டு கிடையாது, சாவு, சண்டை எதுவும் கிடையாது. பிஞ்சு மனசு பாருங்க.”

அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமைதான்.

“நீங்க எங்க கத்துக்கிட்டீங்க ஸ்பானிஷ்?”

“அதே புத்தகத்துலதான். பிள்ளைங்களோட பிள்ளையா.”

மைமூன் எழுந்து வந்தாள். டீச்சரின் கையைப் பிடித்தாள். நறுக்கென்று கிள்ளினாள்.

“அய்யோ மாதாவே!”

“இதை ஸ்பானிஷ்ல சொல்லுங்க.”

டீச்சர் வாயைத் திறந்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. உதடு மட்டும் தானாக விரிந்து சிரித்தது.

“கே லிண்டோ...”

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மைமூன் அடித்தட்டிலிருந்து ஒல்லியான புத்தகம் ஒன்றை உருவிக் கொடுத்தாள். தொலைந்துபோன நாய்க்காக வாசலில் காத்திருக்கும் ஒரு பையனின் கதை. டீச்சர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். நாய் திரும்பி வரவே இல்லை.

“இதையா? பிள்ளைங்க மிரண்டுபோயிடும்!”

“மிரளட்டும்.”

மறுநாள் காலை டீச்சர் அதை வகுப்பில் படித்தாள். கதையில் மழை பெய்தது. பையன் நெஞ்சில் கை வைத்து, “மே துவேலே” என்றான். எனக்கு வலிக்கிறது.

வகுப்பில் இருபத்திரண்டு முகமும் சிரித்தபடியே இருந்தன. ஒன்றும் கண் சிமிட்டவில்லை.

டீச்சர் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். அப்புறம் இன்னொரு தடவை.

ஆதவன் முகத்தில் சிரிப்பு நின்றது. கட்டுப் போட்ட விரலைத் தூக்கினான்.

“மே துவேலே.”

சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். டீச்சருக்குப் போன உயிர் வந்தது. அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், மற்றதுகளும் எழுந்து வந்தன. ஒன்று முட்டியைக் காட்டியது, ஒன்று காதை, ஒன்று ஆடுகிற பல்லை. எல்லாம் “மே துவேலே, மே துவேலே” என்று அழுதன. அப்படியொரு இரைச்சலை அந்தப் பள்ளி கேட்டதே இல்லை. டீச்சர் ஒவ்வொன்றாக ஊதிவிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கும் கண் கலங்கியது.

கடைசியாக வானதி வந்தாள். சேர்ந்த நாளிலிருந்து ஒரு தொந்தரவும் கொடுக்காத பிள்ளை. தங்கம், சிரித்த முகம் என்று டீச்சர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

வானதி ஸ்வெட்டர் கையைத் தோள்வரை சுருட்டினாள். அடுப்பில் காய்ச்சிய கரண்டிக் காம்பால் சூடு வைத்த தடங்கள், பழசும் புதுசுமாக.

“மே துவேலே.”

டீச்சர் ஸ்பானிஷில் வார்த்தை தேடினாள். அவளிடம் இருந்ததெல்லாம் சூரியனும் வாத்தும் பலூனும்தான்.

பிள்ளையின் முன்னால் மண்டியிட்டாள்.

“யாரு கண்ணு?” என்று தமிழில் கேட்டாள்.