கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு

எருமையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், வியட்நாம் தேசம் முழுவதற்கும் நூடுல்ஸ் சூப் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்றைக்குப் போய்ப் பாருங்கள்! ஹனோயில் தெருவோரக் குட்டை முக்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தால், தெள்ளத் தெளிவான சூப் வருகிறது. ஹுவே நகரத்தில் காலையிலேயே கடைக்குப் போய்விட வேண்டும். எலுமிச்சைப்புல் மணக்க, மிளகாய் எண்ணெய் மிதக்க, சிவப்பாக ஒன்று வருகிறது. குவாங் நாம் பக்கம் போனால் மஞ்சள் நூடுல்ஸுக்கு அடியில் சூப் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கிறது. சைகோனிலோ கிண்ணத்தோடு ஒரு தட்டு நிறையத் தழையும் வந்து உட்காருகிறது. ஒரே நாடு, ஒரே அரிசி, ஊருக்கு ஒரு ருசி! எது உசத்தி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் நாலு ஊருக்கும் மறுபடி போக வேண்டியவன்.

இந்த நாலும் ஒரே பானையிலிருந்து வந்தவை. அந்தப் பானை லியென் என்ற பெண்ணுடையது.

லியென் வடக்கே சிவப்பாற்றங்கரையில் இருந்தாள். அவள் சூப் வைக்கிற அழகே தனி. எலும்பை மூன்று தண்ணீரில் கழுவுவாள். இஞ்சியையும் வெங்காயத்தையும் தணலில் சுட்டுக் கருகிய தோலை உரிப்பாள். பட்டை, அன்னாசிப்பூ, உப்பு, அவ்வளவுதான். காலையில் ஏற்றினால் சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து நுரையை வழித்து வழித்து எடுப்பாள். இறக்கும்போது பானையின் அடியில் கிடக்கிற அன்னாசிப்பூவின் இதழைக்கூட எண்ணலாம். என்ன எலும்பு என்று கேட்கிறீர்களா? விலங்குகள் பேசிய காலத்தில் அதைக் கேட்பது மரியாதை இல்லை.

அவள் புருஷன் தோவான் தெற்குக் கோடிக்குப் போயிருந்தான். மேகாங் ஆறு கடலில் கலக்கிற சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, வயல் திருத்தி, வீடு கட்டிவிட்டு அவளை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. போய் மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு காலையில் கொக்கு ஒன்று வந்து அவள் வாசலில் இறங்கியது.

"உட்காருங்க அக்கா. நல்ல சேதி இல்ல" என்றது கொக்கு. "அண்ணனுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டுருச்சு, நாக்கு செத்துப்போச்சு. எதைக் கொடுத்தாலும் துப்பிடுறார். கஞ்சித் தண்ணியில உயிர் ஓடுது. எங்க வீட்டு சூப் வந்தா சாப்பிடுறேன், இல்லாட்டி வேணாம்னுட்டார். இன்னும் ரெண்டு பௌர்ணமி தாங்குவார். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

லியென் அழவில்லை. அன்றே பெரிய மண்பானை நிறைய சூப் வைத்தாள். வண்டியில் ஓர் அடுப்பைக் கட்டி, அதன்மேல் பானையை ஏற்றினாள். கொட்டிலில் இருந்த எருமை எட்டிப் பார்த்தது.

"அந்தச் சூப்புல எருமை எலும்பு இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டு நிச்சயம் பண்ணிக்கொண்ட பிறகுதான் அது நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்தது. பிறகும் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, அங்க போயே வெச்சுக் கொடுக்கலாமே? எதுக்கு என் முதுகை ஒடிக்கிறே?"

"ருசி தண்ணியில இருக்கு. இந்த ஆத்துத் தண்ணிக்கு அங்க எங்க போறது?" என்றாள் லியென். "நல்லாக் கேட்டுக்கோ. தினமும் மத்தியானம் நிறுத்தி ஒரு கொதி விடணும், இல்லாட்டிக் கெட்டுப்போகும். மத்தபடி இந்தப் பானையிலிருந்து ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது, ஒரு சொட்டு உள்ள வரவும் கூடாது."

இருபது நாள் அப்படியே நடந்தது. எருமையின் புலம்பலைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

இங்கே வடக்கத்தி மனிதர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது அவரைச் சாப்பிடக் கூப்பிடாமல் அவர்கள் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். கூப்பிடப்பட்டவர், "ஆகட்டும், இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? நாமும் எத்தனை வீட்டு வாசலில் நின்று இப்பதான் சாப்பிட்டேன் என்று புளுகியிருக்கிறோம்! லியென் பிறந்ததிலிருந்து ஆயிரம் பேரைக் கூப்பிட்டிருப்பாள். ஒருத்தர்கூட வந்ததில்லை.

ஹுவேயில் ஆற்றில் வெள்ளம். ஓடம் போகாது, நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் பானையைக் கொதிக்கவிட்டு, லியென் தன் பழைய சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஐந்தடி தள்ளி ஓடக்காரி ஹான் உட்கார்ந்திருந்தாள். நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"வாங்க அக்கா, சாப்பிடலாம்."

"நெசமாவா தங்கச்சி?" என்றாள் ஹான்.

லியெனுக்கு இந்தப் பதில் புதிது. என்ன சொல்வதென்று அவள் யோசிப்பதற்குள் ஹான் எழுந்து கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய், எல்லாரும் வாங்க! வடக்கேருந்து வந்த தங்கச்சி சாப்பிடக் கூப்பிடுது!"

வெள்ளம் அவர்கள் வயலை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மூன்று நாளாக வாழைத்தண்டு வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தவர்கள். ஆளுக்கொரு கிண்ணத்தோடு பதினோரு பேர் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? லியென் ஊற்றினாள். பதினோரு கிண்ணத்திலும் ஊற்றினாள். பாதிப் பானை போயிற்று.

மனசு ஆறாமல் எருமையைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தாள். பானை நிறைய இருந்தது. ரத்தச் சிவப்பாக இருந்தது.

"எங்க ஊர்ல அடுத்தவங்க பாத்திரத்தைக் குறையாத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்ல" என்றாள் ஹான், முகமெல்லாம் சிரிப்பாக. "எங்ககிட்ட இருந்தது எலுமிச்சைப்புல்லும் மிளகாயும் ஒரு சாடி இறால் விழுதும்தான். எல்லாத்தையும் கொதிக்க வெச்சு ஊத்திட்டோம். நீ பத்திரமாப் போய்ச் சேரு."

லியென் சிரித்துக் கும்பிட்டாள். ஓடம் அக்கரையில் இறக்கிவிட்ட பிறகு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"ஏம்மா, கூப்பிட்டதுக்கு அழுறியா, வந்ததுக்கு அழுறியா?" என்றது எருமை.

"கூப்பிட்டா வருவாங்கன்னு யார் கண்டா!"

திரும்பிப் போய் வேறு வைக்க நாள் இல்லை. முதல் பௌர்ணமி நெருங்கிவிட்டது. அகப்பையில் கொஞ்சம் எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். நாக்கு எரிந்தது, காது அடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. பாழாய்ப்போனது, பிரமாதமாக வேறு இருந்தது! அதில்தான் அவளுக்கு இன்னும் கோபம்.

அதன் பிறகு அவள் உஷாராகிவிட்டாள். வண்டிக்குப் பின்னால் ஒளிந்து, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, ஒருத்தர் கண்ணிலும் படாமல் சாப்பிட்டாள். குவாங் நாம் வரும்வரை யாரையும் கூப்பிடவில்லை.

அங்கே புயலில் கடலோரக் கரை உடைந்திருந்தது. ஊரே மண் சுமந்து கரை கட்டிக்கொண்டிருந்தது, அறுபது பேர் இருக்கும். நிறைமாதமாக இருந்த ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு லியெனின் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தாள். கொதிக்கிற பானையைப் பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லாதே" என்று எருமை காதோடு சொன்னது. "அந்த ஒரு சொல்லைச் சொன்னே, நான் இங்கயே படுத்துடுவேன். அங்க உன் புருஷன் செத்துக்கிட்டிருக்கான்."

லியென் பானையைப் பார்த்தாள். ஊற்றினால் தோவானுக்கு என்ன மிஞ்சும்? அவளுக்குத் தெரியும், ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அந்தப் பெண்ணின் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டாளே!

"சாப்பிடாம ஒரு உயிர் கிடக்குதேன்னுதான் நான் இத்தனை தூரம் ஓடுறேன்" என்றாள் எருமையிடம். "இதுவும் சாப்பிடாமதானே நிக்குது?"

பிறகு திரும்பி, "வாங்கம்மா, சாப்பிடலாம். எல்லாரையும் கூப்பிடுங்க" என்றாள்.

வர வேண்டும் என்று நினைத்தே ஒருத்தரை அவள் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அறுபது பேருக்கு அந்தப் பானை எந்த மூலைக்கு? அவர்களே மஞ்சள் கலந்து நூடுல்ஸ் பிழிந்து கொண்டுவந்தார்கள். அது நனைகிற அளவுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு கரண்டி. வறுத்த வேர்க்கடலையையும் நொறுக்கிய அரிசி அப்பளத்தையும் மேலே தூவிக்கொண்டு, ஏதோ கல்யாண விருந்து மாதிரி சாப்பிட்டார்கள். பானை அடியில் ஒரு சாண் மிஞ்சியது.

"பானையை நிரப்பிக் கொடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்லையே" என்று அந்தக் கர்ப்பிணி கலங்கினாள். அதற்குப் பதிலாக அறுபது பேரும் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, உடைந்த கரை முழுவதையும் தாண்டி இறக்கிவிட்டார்கள். தன்னையும் தூக்குவார்கள் என்று எருமை கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. தூக்கவில்லை.

இரண்டாவது பௌர்ணமியன்று காலை தெற்குக் கோடியை அடைந்தார்கள். தினமும் கொதித்துக் கொதித்து, ஒரு சாண் இரண்டு விரற்கடையாகி இருந்தது. தோவான் குடிசையில் பாயோடு பாயாகக் கிடந்தான். அவளைப் பார்த்ததும் கண் விரிந்தது. "கொண்டாந்தியா?" என்றான்.

"இதோ, ஒரு கொதி விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். இரண்டு விரற்கடை சூப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தண்ணீர் விட்டுப் பெருக்கலாம் என்றால் ஆற்றில் கடல் ஏறி உப்புக் கரித்தது. "இங்க இனிப்பான தண்ணின்னா அதுல இருக்கிறதுதான் அக்கா" என்று கொக்கு தென்னையைக் காட்டியது. வேறு வழியில்லை. இளநீரை வெட்டி ஊற்றினாள். அக்கம்பக்கத்தார் கொடுத்த எலும்பைப் போட்டாள். கொதித்ததும் மணம் ஊரைத் தூக்கியது. ஆனால் அது சிவப்பாற்றங்கரை மணம் இல்லை.

அக்கம்பக்கத்தார் கொடுத்த நூடுல்ஸையும் கிண்ணத்தில் போட்டு ஊற்றிக் கொடுத்தாள். தோவான் ஒரு கரண்டி குடித்தான். நாக்கில் வைத்துக்கொண்டு வெகு நேரம் விழுங்காமல் இருந்தான்.

"இது நம்ம வீட்டுது இல்ல" என்றான்.

லியென் ஒன்றையும் மறைக்கவில்லை. ஓடக்காரியைச் சொன்னாள், பதினோரு கிண்ணத்தைச் சொன்னாள், கரை கட்டிய அறுபது பேரைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"நீ செஞ்சது தப்பில்ல லியென். ஆனா நான் கேட்டது இது இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! இரண்டு பௌர்ணமி நடந்த கால், அடுப்பூதிய கண், அடக்கி வைத்த அழுகை எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள். கண்ணில் பட்டதையெல்லாம் பறித்தாள். துளசி மாதிரி மணக்கிற தழை, புதினா, ஓரத்தில் ரம்பப் பல் வைத்த நீள இலை, பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டில் முளைகட்டிய பயறு இருந்தது, அதையும் ஒரு கை அள்ளினாள். எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி, கிண்ணத்துக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள்.

"என்ன குறையுதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத்தானே தெரியும்? நீங்களே போட்டுப் பாருங்க!"

தோவான் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுத்துப் பேசத் தைரியம் வரவில்லை. எலுமிச்சையைப் பிழிந்தான், ஒரு வாய் குடித்தான்.

"இது இல்ல."

தழையைக் கிள்ளிப் போட்டான். "இதுவும் இல்ல. ஆனா கிட்ட வருது." பயறைப் போட்டான். "ம்ஹும்." மிளகாயைக் கடித்துவிட்டு இருமினான். அந்த நீள இலையைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். "இரு, இரு. எங்க அம்மா மழைநாள்ல ஒண்ணு போடுவாங்களே, அது மாதிரி... இல்ல, போயிடுச்சு." மறுபடி ஒரு வாய். நூடுல்ஸ் ஒரு வாய். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

நூடுல்ஸ் எடுக்கிற குச்சி கிண்ணத்தின் அடியில் தட்டியது. தோவான் குனிந்து பார்த்தான். கிண்ணம் காலி. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

லியென் கிட்டே வந்து குனிந்தாள். "கிடைச்சுதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கிடைக்கல" என்றான் தோவான். கிண்ணத்தை அவளிடம் நீட்டினான். "இன்னும் கொஞ்சம் ஊத்து. தேடிப் பார்க்கணும்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எருமைக்கும் கொக்குக்கும் பிறகு பெரிய சண்டையே நடந்தது. ஆனால் அவள் ஊற்றினாள். அன்றைக்கு மட்டும் மூன்று கிண்ணம். அதற்குப் பிறகு தோவான் நாற்பது வருஷம் இருந்தான். தினமும் காலையில் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினான். ஒரு நாளும் கிடைக்கவில்லை, ஒரு நாளும் மிச்சம் வைக்கவில்லை.

வடக்கே இன்றும் அந்தத் தட்டு கிடையாது. வீட்டைவிட்டுப் போகாதவர்களுக்குத் தேட என்ன இருக்கிறது? அவர்கள் சூப் அன்று போலவே தெளிவாக இருக்கிறது. ஹுவேக்காரர்கள் அன்று லியெனின் பானையில் ஊற்றியதையே இன்றும் ஊற்றுகிறார்கள். குவாங் நாமில் நூடுல்ஸ் நனைகிற அளவுக்கு ஒரே கரண்டிதான். தெற்கேயோ, அன்றைக்கு லியென் கோபத்தில் வைத்த தட்டு இன்னும் எடுக்கப்படவில்லை. சமைத்தவர் பாதியோடு கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறார், மீதியைச் சாப்பிட வந்தவர்தான் தட்டிலிருந்து கிள்ளிப் போட்டுத் தேடிக்கொள்ள வேண்டும்.