பாறையை மறந்த வரையாடு

ஆரல்மலையில் புல்வெளி முடிகிற இடத்தில் செங்குத்தான கரும்பாறை ஒன்று நின்றது. தினமும் விடியும் நேரத்தில் இரண்டு வரையாடுகள் அதில் ஏறும். ஒருத்தி பெயர் கொடிச்சி, இன்னொருத்தி பெயர் சாரல். இருவரும் ஒரே பனிக்காலத்தில் பிறந்தவர்கள். குட்டிகளாய்த் திரிந்த காலம் முதல் கூட்டாளிகள்.

பனிமூட்டத்தில் ஒருத்தி உருவம் இன்னொருத்திக்குத் தெரியாது. குளம்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே போட்டி போட்டுக்கொண்டு தாவுவார்கள். உச்சியில் நிற்கும்போது மூச்சு வாங்கும், ரோமத்தில் நீர் சொட்டும். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் தேங்கிக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார்கள். அதற்குப் பிறகுதான் மேய்ச்சல்.

பிறகு கொடிச்சிக்கு ஒரு குட்டி பிறந்தது. துள்ளி என்று பெயர் வைத்தாள். அதே சமயம் மந்தைக்குள் ஒரு தகராறும் கிளம்பியது. ஓடைக்கரையில் உப்புமண் இருந்தது ஒரே ஒரு மேட்டில்தான். எல்லா ஆடுகளும் ஒரே நேரத்தில் அதை நக்கப் போய் முட்டிக்கொண்டன. கொடிச்சி நியாயமானவள், யார் எப்போது வரவேண்டும் என்று அவளே முறை வைக்கட்டும் என்று பெரிய கிடாக்கள் சொல்லிவிட்டன.

அவள் அந்த வேலையை நன்றாகவே செய்தாள். சண்டை ஓய்ந்தது. ஆனால் விடிந்தால் மேட்டில் நிற்க வேண்டும். நடுவில் துள்ளிக்குப் பால் கொடுக்க வேண்டும். முறை தவறியவர்களைச் சமாதானம் செய்ய வேண்டும்.

முதல்நாள் சாரல் வந்து கூப்பிட்டபோது, நாளைக்கு வருகிறேன் என்றாள் கொடிச்சி. மறுநாள், மழை நிற்கட்டும் என்றாள். மழை நின்றதும், துள்ளி பால் மறக்கட்டும் என்றாள்.

சாரலுக்கும் குட்டி இருந்தது. அவளுக்கும் ஓய்வில்லாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவள் பாதிப் பாறையோடு திரும்புவாள். சில நாள் குட்டியையும் கூட்டிக்கொண்டு பத்துத் தாவலோடு நிறுத்திக்கொள்வாள்.

"உச்சிக்கு வேண்டாம், கொடிச்சி. முதல் விளிம்பு வரைக்குமாவது போய்விட்டு வருவோம்" என்று ஒருநாள் அழைத்தாள்.

"ஏறினால் உச்சி வரை ஏற வேண்டும். அரைகுறையாய் ஏறுவதற்கு ஏறாமலே இருக்கலாம். இந்த வேலையெல்லாம் ஓயட்டும். காலையும் மாலையும் ஏறி, விட்டதையெல்லாம் பிடித்துவிடுகிறேன் பார்" என்றாள் கொடிச்சி.

சாரல் வற்புறுத்தவில்லை. சில மாதம் வந்து கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். விடியலில் உப்பு மேட்டில் நிற்கும் கொடிச்சிக்கு, மேலே பனிக்குள் ஒற்றைக் குளம்புச் சத்தம் கேட்கும். தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் கேட்பாள். அதற்குள் யாராவது வந்து, அடுத்தது என் முறைதானே என்பார்கள். அவள் திரும்பிக்கொள்வாள்.

எதிர்ச் சரிவில் படுத்தபடி இதையெல்லாம் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். செம்பன் என்ற செந்நாய். தன் கூட்டத்தைக் கூட்டி வைத்துச் சொன்னான்.

"பாறையில் ஏறிவிட்ட வரையாட்டை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் உப்பு மேட்டில் நிற்கிறாளே, அவள் பாறையை மறந்துவிட்டாள். அவள் குட்டிக்குப் பாறையே தெரியாது. மற்றவர்களை விடுங்கள். அந்த இரண்டு பேர்தான் நம் குறி."

ஒருநாள் வெயில் ஏறும் நேரத்தில் செந்நாய்கள் ஓடை வழியாக வந்தன. மந்தை சிதறிப் பாறைக்கு ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லோரும் மேலே இருந்தார்கள். துள்ளியை முன்னால் விட்டு ஓடிய கொடிச்சி எப்படியோ குட்டியோடு முதல் விளிம்பில் ஏறிவிட்டாள். அவ்வளவுதான். தொடைகள் நடுங்கின. அடுத்த விளிம்புக்கு நடுவில் ஒரு பிளவு இருந்தது. ஒரு காலத்தில் பேசிக்கொண்டே தாண்டிய பிளவு அது.

சாரல் உச்சியிலிருந்து இரண்டாம் விளிம்புக்கு இறங்கி வந்தாள். துள்ளியிடம், கீழே பார்க்காதே, என் காலைப் பார், நான் மிதிக்கும் இடத்தில் குதி என்றாள். துள்ளி அழுதாள். பிறகு குதித்தாள். குளம்பு வழுக்கியது. சாரல் அவளைப் பாறையோடு அணைத்து நிறுத்திவிட்டாள்.

அடுத்துக் கொடிச்சி தாவினாள். முன்னங்கால்கள் விளிம்பைத் தொட்டன. பின்னங்கால்கள் வரவில்லை. முழங்கால் கல்லில் உரசிக் கிழிய, பழைய இடத்திலேயே வந்து விழுந்தாள். இன்னும் ஒருமுறை தாவினால் விழப்போவது நாய்களின் நடுவில் என்று அவளுக்குத் தெரிந்தது.

கீழே செம்பன் எம்பி எம்பிக் குதித்தான். ஒருமுறை அவன் நகம் விளிம்பைப் பிடித்தது. கொடிச்சி கொம்பால் முட்டித் தள்ளினாள். அவன் விழுந்து எழுந்து, எத்தனை நேரம் நிற்பாய், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு அங்கேயே படுத்துவிட்டான்.

பகல் முழுவதும் அவள் நான்கு குளம்பும் கொள்ளாத இடத்தில் நின்றாள். சாரலும் மேயப் போகவில்லை.

"நீ துள்ளியைக் கூட்டிக்கொண்டு போ. நான் விழுவதை அவள் பார்க்க வேண்டாம்" என்றாள் கொடிச்சி.

"நீ விழமாட்டாய். பேசிக்கொண்டே நில். அந்த ஆலங்கட்டி மழையன்று உச்சியில் மாட்டிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா?"

கொடிச்சிக்கு நினைவிருந்தது. கல் போல் விழுந்த மழையில் இருவரும் ஒரு பொந்துக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. அப்புறம் முதல்முறையாக வானவில்லை மேலேயிருந்து பார்த்தது. நினைவுகள் ஒன்றைத் தொட்டு ஒன்று வந்துகொண்டே இருந்தன. அந்தக் காலைகளில் ஒன்றில்கூட, இது போதும், இனி வேண்டாம் என்று தான் நினைத்ததில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. வேண்டாமென்று விடவில்லை. நாளை நாளை என்றுதான் விட்டிருந்தாள். கண் கலங்கியது. கால் மட்டும் அசையவில்லை.

சாயங்காலம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து பாறையை மூடியது. எதிரே இருப்பது தெரியாமல் போகவே, செந்நாய்கள் முணுமுணுத்துக்கொண்டு கிளம்பின. கொடிச்சி இறங்கினாள். இறங்கியதும் முன்னங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் உப்பு மேட்டுக்கு வந்தவர்கள் அவளைக் காணாமல் தேடினார்கள். அவள் பாறையடியில் துள்ளியோடு நின்றிருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. அன்று அவளால் மூன்று தாவல்தான் முடிந்தது. சாரல் உச்சிக்குப் போகவில்லை. அவளும் மூன்று தாவலோடு இறங்கினாள்.

கொடிச்சி நொண்டிக்கொண்டே மேட்டுக்குப் போனபோது வரிசை காத்திருந்தது. கொஞ்சம் தாமதமானதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அதற்குப் பிறகு வேலை குறையவும் இல்லை. மழையிலும் போனாள், சண்டை நாளிலும் போனாள், சில நாள் ஐந்து தாவல், சில நாள் பாதிப் பாறை. அந்தப் பிளவைத் தாண்ட மழைக்காலம் முழுதும் ஆயிற்று. பழைய வேகம் திரும்பவே இல்லை. ஆனால் பனிக்குள் இப்போது பல குளம்புச் சத்தம் கேட்டது.

வேலை ஓயட்டும் என்று காத்திருந்தால் வேலை ஓயாது, உடல்தான் ஓய்ந்துபோகும். முழுதும் முடியாத நாளில் முடிந்ததையாவது செய்பவரே நல்ல பழக்கத்தைக் காப்பாற்றுவார், அந்தப் பழக்கம் ஆபத்தில் அவரைக் காப்பாற்றும்.