அம்மன் அட்டிகையும் சாமி இல்லை என்றவனும்

தேனாற்றுக் கோட்டையை ஆண்ட விஜயவல்லப ராஜாவுக்குப் பக்தி அதிகம். அதைவிட அவசரம் அதிகம். அந்த அவசரத்தில் ஒருமுறை ஓர் அப்பாவியின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தார். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கோயில் நடையைத் திறந்தால், அம்மன் வெறுங்கழுத்தோடு நிற்கிறாள். மரகத அட்டிகையைக் காணோம். பூட்டு உடையவில்லை, கதவும் பெயரவில்லை. அது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க விடாமல் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். அவர்தான் கோயில் தர்மகர்த்தா பரமதயாளர். நெற்றி நிறைய விபூதி, மார்பு நிறைய ருத்திராட்சம், கண் நிறையக் கண்ணீர்.

"மகாராஜா, திருடியவன் வண்டிக்காரன் பூவலிங்கம்!"

"பார்த்தீரா?"

"பார்க்க வேறு வேண்டுமா? அவன் சாமியே இல்லை என்கிறவன். கோயில் வாசல் வழியாகத்தான் வண்டி ஓட்டுகிறான், ஒருநாளாவது கன்னத்தில் போட்டுக்கொண்டதில்லை. 'கல்லுக்கு எதுக்கு நகை' என்று சந்தையில் கேட்டிருக்கிறான். சாமிக்கே பயப்படாதவன் வேறு எதற்குப் பயப்படுவான்?"

ராஜாவுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பூவலிங்கத்தை இழுத்து வந்தார்கள். அவன் மனைவி கைக்குழந்தையோடு பின்னாலேயே ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"ஏண்டா, சாமி இல்லை என்று சொன்னாயா?"

"சொன்னேனுங்க."

"அட்டிகையை எடுத்தாயா?"

"இல்லீங்க."

"முதல் கேள்விக்கே ஒப்புக்கொண்டு விட்டான். அப்புறம் என்ன விசாரணை? நாளைக் காலை கழுவில் ஏற்றுங்கள்!"

வாசலில் நின்றவள் அலறிய அலறலில் குழந்தையும் வீறிட்டது.

சபையில் திருமேனி என்று ஒருவர் இருந்தார். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அம்மனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் மெல்ல எழுந்தார்.

"அருமையான தீர்ப்பு மகாராஜா. சாமி இல்லை என்கிறவன்தான் திருடுவான் என்றால், நம் சிறை முழுக்க அவர்கள்தானே இருப்பார்கள்? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இவன் கூட்டாளிகளும் அகப்படுவார்கள்."

போனார்கள். சிறையா அது? பஜனை மடம்! ஒருவன் சுவரில் கரியால் வேல் வரைந்து அதற்குச் சோற்றைப் படைத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தான். சுவரில் ஓட்டை போட்டுத் திருடுவதில் பேர்போன கருவாயன், நெற்றியில் மண்ணையே விபூதியாகப் பூசியிருந்தான்.

"உனக்குச் சாமி நம்பிக்கை உண்டாப்பா?" என்று கேட்டார் திருமேனி.

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! கும்பிடாம எப்படிங்க அடுத்தவன் வீட்டுக்குள்ள காலை வைக்கிறது? உசுருக்கு ஆபத்தான தொழில். போகும்போது வேண்டிக்குவோம். வந்ததும் ஒரு கிடா வெட்டிப் பாவத்தைக் கழிச்சுடுவோம்."

"சாமி இல்லை என்கிறவன் யாராவது இங்கே இருக்கிறானா?"

கருவாயன் காதைப் பொத்திக்கொண்டான். "சீச்சீ! அந்த மாதிரி கெட்டவங்க யாரும் இங்க இல்லீங்க."

ராஜா இருமினார். பரமதயாளர் மட்டும் அசரவில்லை. "இவர்கள் வழி தவறிய பக்தர்கள், மகாராஜா. அவனுக்கு வழியே கிடையாது."

பாவத்தைக் கழிப்பதாகக் கருவாயன் சொன்னது திருமேனியின் மனதில் நின்றுவிட்டது. அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனார்.

மறுநாள் காலை. கழுமரம் நட்டாகிவிட்டது. திருமேனி கோயில் குருக்களோடு சபைக்குள் வந்தார்.

"குருக்களே, அம்மன் சொத்தைத் தொட்ட பாவத்துக்குப் பரிகாரம் உண்டா?"

"உண்டு. குளத்தில் முழுகி, கறவைப் பசுவைத் தானம் செய்து, அம்மன் காலில் விழவேண்டும்."

"அட்டிகை காணாமல் போன பிறகு யாராவது அதைச் செய்தார்களா?"

"ஒருத்தரும் செய்யவில்லை."

பரமதயாளர் துள்ளிக் குதித்தார். "கேட்டீர்களா மகாராஜா! பக்தன் எடுத்திருந்தால் பயந்து பரிகாரம் செய்திருப்பான். செய்யவில்லை. ஆகவே, எடுத்தவன் நாத்திகன்!"

"நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார் திருமேனி. "சரி குருக்களே, காணாமல் போவதற்கு முன்னால்?"

குருக்கள் தலையைச் சொறிந்தார். "முதல்நாள் வியாழக்கிழமை தர்மகர்த்தா செய்தார். அம்மன் சொத்தைத்தான் யாரும் தொடவில்லையே, இப்போது எதற்கு என்று கேட்டேன். 'எதற்கும் இருக்கட்டும்' என்றார்."

"இதை ஏன் ஐயா முன்னமே சொல்லவில்லை?" என்று ராஜா கத்தினார்.

"பக்தி முற்றினவராச்சே, முன்ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று நினைத்தேன்."

காவலர்கள் தர்மகர்த்தா வீட்டுக்கு ஓடினார்கள். அட்டிகை பூஜை மாடத்திலேயே இருந்தது. அதற்கும் குங்குமம் வைத்துப் பூப் போட்டிருந்தார் மனுஷர்.

கழுமரத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். பரமதயாளரைப் பஜனை மடத்துக்கு அனுப்பினார்கள். பூவலிங்கத்தின் மனைவி அம்மன் கோயில் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அவன் கும்பிடவில்லை.

"இப்போதாவது அம்மன் உன்னைக் காப்பாற்றினாள் என்று நம்புகிறாயா?" என்றார் ராஜா.

"கோவிச்சுக்காதீங்க மகாராசா. அவ கழுத்துலேருந்துதானே கழட்டியிருக்கான்? அப்பவே ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."

ராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திருமேனிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். "திருமேனி, கோயில் நகைப்பெட்டிச் சாவியை இனி யாரிடம் கொடுப்பது?"

"பூவலிங்கத்திடம் கொடுங்கள்."

சபையே அதிர்ந்தது. "அம்மனைக் கும்பிடாதவனிடமா?"

"ஆமாம் மகாராஜா. அவனுக்குப் பரிகாரத்திலும் நம்பிக்கை இல்லை. திருடினால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று அவனுக்குத் தெரியாது, பாவம்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அன்றிலிருந்து அம்மன் நகைகளுக்குக் காவல், அந்த ஊரிலேயே அவளை நம்பாத அந்த ஒரே ஆள்தான். அம்மனும் நிம்மதியாகத் தூங்கினாள்.