வாகைப் பட்டை

தணிகாசலம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனம் அடங்கவேண்டும் என்று சிவகாமி அம்மாவின் மடத்துக்கு வந்து மூன்று மாதம். குரு அவரைவிடப் பத்து வயது சின்னவர். அதில் வருத்தமில்லை. உட்காரத்தான் முடியவில்லை. சம்மணம் போட்டுக் கண்ணை மூடினால் ஐந்தாவது நிமிஷம் கால் மரத்துப்போகும். கை தானாகக் கடிகாரத்தைத் தேடும். எழுந்துவிடுவார்.

"என்ன கார்டு ஐயா, கொடி காட்டியாச்சா?" என்பார் அம்மா.

அன்று காலை பையோடு வந்து நின்றார்.

"எனக்கு இது வராதும்மா. பத்தரை பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."

"சரி."

"இருன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"இருக்கறது அந்த ஒரு பஸ்தான். விட்டுடாதீங்க."

வாசலில் ஒரு வாகை மரம். ஏழெட்டுக் கிளிகள் அதன் பட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தன. பக்கத்திலேயே கொய்யா பழுத்துத் தொங்கியது. ஒன்றுகூட அதைச் சீண்டவில்லை. தணிகாசலம் திரும்பி வந்தார்.

"பழம் இருக்கும்போது பட்டையை ஏன்மா தின்னுது?"

"என்னைக் கேட்டா? பஸ்ஸுக்கு நேரமிருக்கு. போய்ப் பாருங்க."

மரத்தடியில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு கிளி தலைகீழாகத் தொங்கியது. பட்டையின் ஓரத்தை அலகால் கவ்வி நீளமாக உரித்தது. மேல்தோலைத் துப்பியது. உள்தோலை ஒற்றைக் காலில் பிடித்துக்கொண்டு மென்றது. கழுத்தில் வளையம் போட்ட ஆண்கிளி மெல்லக் கிட்டே வந்தது. அதனிடம் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் அடுத்த கிளைக்குப் போனது. தணிகாசலம் சிரித்தார். வழுக்கைத் தலையில் பட்டைத்தூள் விழுந்தது. தட்டிவிடவில்லை. மடியில் விழுந்த ஒரு துண்டை மென்று பார்த்தார். துவர்த்தது.

பின்னால் காலடிச் சத்தம். அம்மா சோற்றுத் தட்டோடு நின்றார். மர நிழல் கிழக்கே சாய்ந்திருந்தது.

"பஸ்?" என்றார் தணிகாசலம்.

"போய் நாலு மணி நேரமாச்சு. ஆரன்கூட அடிச்சான்."

எழப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு காலும் கட்டையாக மரத்துக் கிடந்தன, சம்மணம் போட்டது போட்டபடி. சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தட்டை வாங்கிக்கொண்டார்.

"ஏன் தின்னுதுன்னு கடைசிவரைக்கும் தெரியலையேம்மா."

அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கும் தெரியலை. பதினாறு வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்."