ஒன்பது வாசலும் ஒரு மோதிரமும்

முன்னொரு காலத்திலே பூவத்தூர்ச் சீமையைக் குஞ்சரராசன்னு ஒருத்தர் ஆண்டார். நல்ல மனுசர்தான். ஆனா கோபம் வந்துட்டா முன்னே பின்னே யோசிக்க மாட்டார். அவர் அரண்மனைக்கு ஒன்பது வாசல். யார் விரலிலே அரண்மனை குடுத்த பித்தளை மோதிரம் இருக்கோ, அவங்க உள்ளே போகலாம். ராசாவோட அப்பா காலத்து வழக்கம் அது.

ஒருநாள் காலையிலே ராசா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கப் போறார். போனா, அவரோட தொட்டியிலே எவனோ ஒருத்தன் பாட்டுப் பாடிக்கிட்டு முதுகு தேய்க்கிறான்!

"யாரடா நீ?"

"பக்கத்து ஊருங்க சாமி. மோதிரம் எங்க மாமாவோடது, ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கினேன். தண்ணி பிரமாதம்ங்க!"

ராசா கண் சிவந்துபோச்சு. தலையிலே எண்ணெய் வழிய வழிய அப்பவே சபையைக் கூட்டிட்டார்.

"இனிமே இந்த மோதிரமே வேண்டாம்! வேற வழி சொல்லுங்க!"

ராயசம் அனந்தையா துள்ளி எழுந்தார். அரண்மனை ஓலையெல்லாம் எழுதுறவர் அவர்தான். மந்திரி தெய்வநாயகத்தோட தலைப்பாகை மேலே அவருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு.

"பிரபு, வாசலுக்கு ஒரு ஓலை எழுதித் தர்றேன். அதிலே பேர் இருந்தா உள்ளே, இல்லேன்னா வெளியே. பேர் இல்லாத ஆளை விட்ட காவலாளிக்கு இருபது கசையடி. நாளைக்கே மோதிரத்தையெல்லாம் பிடுங்கி உருக்கிடலாம்!"

"பலே!"ன்னார் ராசா.

மந்திரி எழுந்து கும்பிட்டார். "யோசனை நல்லதுதான் பிரபு. மோதிரம் இரவல் போகுது. ஆனா நாளைக்கே வேண்டாம், பத்து நாள் பொறுங்க. அதுவரை கதவைத் திறக்கிறது பழையபடி மோதிரமாவே இருக்கட்டும். கூடவே காவலாளி ஓலையையும் பார்க்கட்டும். மோதிரம் ஒண்ணு சொல்லி ஓலை வேற சொன்னா, அந்த ஆள் பேரை ஒரு ஓலை நறுக்கிலே எழுதி வாசல் குடத்திலே போடட்டும்."

"என் ஓலையிலே பிழையா?" அனந்தையா சிரிச்சார். "வாசலுக்குக் குடம் எதுக்கு மந்திரியாரே? தாகம் எடுத்தா குடிக்கவா?"

சபையே கொல்லுன்னு சிரிச்சுது. ராசாவும் சிரிச்சுட்டு, "சரி, பத்து நாள். குடத்திலே உருப்படியா ஒண்ணும் விழலேன்னா உம்ம தலைப்பாகை அனந்தையா தலைக்குப் போயிடும், தெரியுமில்லே?"ன்னார்.

"உத்தரவு"ன்னு மந்திரி உட்கார்ந்துட்டார். இருந்த ஒரே பதவியை அப்படிக் குடத்திலே போட்டார் பாருங்க, அந்த மனுசன்!

ஒன்பதாம் நாள் உச்சி வெயில். ராணிக்கு வலி கண்டுடுச்சு. தலைப்பிள்ளை, அதுவும் வயித்திலே குறுக்கே கிடக்குது. மருத்துவச்சி பூவாயி ஓட்டமா ஓடி வந்தா. மேற்கு வாசலிலே மோதிரத்தைக் காட்டினா, கதவு திறந்துச்சு. ரெண்டு நாழிகையிலே அரண்மனை முழுக்கக் குழந்தை அழுகுரல். தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

மறுநாள் சபையிலே குடங்களைக் கவிழ்த்தாங்க. ஏழெட்டு நறுக்கு விழுந்துச்சு. "நீரே படியும்"னார் ராசா. அனந்தையா எடுத்துப் படிச்சார்.

"தோட்டக்காரன் முத்திருளன்... மறந்திருக்கும். அப்புறம்..." முழிச்சார்.

"படியும்!"

"என் மைத்துனன். மோதிரம் இல்லே, ஓலையிலே பேர் இருக்கு. மாந்தோப்பு வாசல்."

"அடடே, பழம் பறிக்கவா?"ன்னார் மந்திரி.

அடுத்த நறுக்கை அனந்தையா ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குஞ்சர... குஞ்சரராச மகாராசா."

"என் வீட்டுக்குள்ளே போக எனக்கே பேர் இல்லையா!" ராசா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

கடைசி நறுக்கு. "மருத்துவச்சி பூவாயி. மேற்கு வாசல். நேத்து."

சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு.

"தினமும் வேலைக்கு வர்றவங்களைப் பார்த்து எழுதினேன் பிரபு," அனந்தையா தடுமாறினார். "அவ எப்பவோ வர்றவ. முகம் தெரிஞ்சவதானே, காவலாளி விட்டிருப்பானே!"

மந்திரி மேற்கு வாசல் காவலாளி சடையனைக் கூப்பிட்டார். "மோதிரம் செல்லாதுன்னு இருந்தா விட்டிருப்பியாப்பா?"

"இருபது கசையடிங்களே சாமி. ராயசத்தைக் கேட்டு வர ஆள் அனுப்பியிருப்பேன். அவர் நேத்து உச்சியிலே சாப்பிட்டுட்டுத் தூங்கிக்கிட்டிருந்தாரு."

ராசா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். மந்திரி கையைப் பிடிச்சுக்கிட்டார். "தெய்வநாயகம், நான் அவசரப்பட்டேன். என் வீட்டுக்காரியையும் பிள்ளையையும் நீர் காப்பாத்திக் குடுத்தீர். என்ன வேணும், கேளும்."

"என் தலைப்பாகை என் தலையிலே இருக்கு பிரபு. இன்னும் கொஞ்ச நாள் குடம் இருக்கட்டும், அது போதும்."

அனந்தையாவுக்கு மேற்கு வாசலிலே ஒரு மாசக் காவல் வேலை. வர்ற போறவங்க பேரைக் கேட்டுக் கேட்டு அவர்தான் ஓலையைத் திருத்தினார். குடம் காலியாவே கிடந்த பிறகுதான் மோதிரங்களை வாங்கினாங்க. கடைசியா வந்தவ பூவாயி. கழட்ட மனசு வரலே அவளுக்கு.

"இது உங்க அம்மா போட்டுவிட்டது ராசா. நீங்க பிறந்த அன்னைக்கு. உங்களையும் இந்தக் கையாலேதான் எடுத்தேன்."

ராசாவுக்குக் கண் நிறைஞ்சுபோச்சு. "அப்போ என்னையும் சேர்த்து மூணு உசிரும்மா. அது கதவைத் திறக்க வேண்டாம், உன் விரலிலேயே இருக்கட்டும்"னு சொல்லி, எழுத்தாணியை வாங்கினார். ஒன்பது ஓலையிலும் முதல் பேரா 'பூவாயி'ன்னு தன் கையாலே எழுதினார். அதுக்குக் கீழேதான் தன் பேரை எழுதிக்கிட்டார்.

அந்தப் பிள்ளை நல்லா வளர்ந்துச்சு. கேட்ட உங்க வீட்டுப் பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும்.