யாரும் பார்க்கக் கூடாத படகு

தேங்கலூரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. இருந்தாலும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் வயிறு வலிக்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் அதுவும் மற்ற ஊர்களைப் போலத் தெருவும் சந்துமாகத்தான் இருந்தது. ஒரு பெருமழைக்குத் தெருவெல்லாம் தண்ணீர் நின்றுபோயிற்று. வேறு ஊராயிருந்தால் நாலு பேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வடிய விட்டிருப்பார்கள். தேங்கலூர்க்காரர்கள் கூட்டம் போட்டார்கள். "வீடு தேடி வந்த தண்ணியை வெரட்டினா, நாளைக்குக் கோடையில கூப்பிட்டா வருமா?" என்று ஒருத்தர் கேட்டார். நியாயம்தான் என்று ஊரே தலையாட்டியது. தெருவைத் தண்ணீருக்கே விட்டுவிட்டு ஆளுக்கொரு படகு வாங்கினார்கள். 'கால்வாய் மாநகரம் உங்களை வரவேற்கிறது' என்று ஊர் எல்லையில் ஒரு போர்டும் வைத்தார்கள். அதையும் தண்ணீருக்குள்ளேயே நட்டதால் மேல்பாதிதான் தெரியும்.

அங்கே வாடகைப் படகு விடுகிறவர்கள் நாலு பேர். காத்தவராயன் தலைவர். மீசை பெரிதாக இருந்ததால் தலைவர், வேறு காரணம் கிடையாது. ஒச்சப்பன், சீமைச்சாமி, பூமாலை மூவரும் அவர் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்கள். நாலு பேர் மூளையையும் சேர்த்து எடுத்தால் ஒரு கோழிக்குக் காணும். கொஞ்சம் சூட்டிகையான கோழி என்றால் அதற்கும் காணாது.

இந்த நாலு பேரிடம்தான் போய் மாட்டினான் வைரவன், பாத்திரக்கடைக்காரன்.

அவன் கதை இது. கல்யாணம் ஆகி வருஷம் ஒன்று ஆகப்போகிறது. பெண்டாட்டி செண்பகவல்லி மேட்டுப்பாங்கான வெளியூர்ப் பெண், புத்திசாலி. ஆனால் வாக்கப்பட்ட நாளிலிருந்து புருஷனோடு தனியாக ஒரு வார்த்தை பேசினதில்லை. அடுக்களையில் வாயைத் திறந்தால் மாமியார் பேச்சியம்மாள் "என்னது?" என்று எட்டிப் பார்ப்பாள். மொட்டைமாடிக்குப் போனால் மாமனார் அங்கே வற்றல் காயவைத்துக்கொண்டிருப்பார். ராத்திரியிலோ எல்லாருக்கும் ஒரே கூடத்தில்தான் பாய். ஒரு நாள் செண்பகவல்லி பொறுக்க முடியாமல், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் கிசுகிசுத்தாள்.

"உங்ககிட்ட நான் ஒரே ஒரு கேள்வி கேக்கணும். பக்கத்துல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. நாளைக்குள்ள கேக்க முடியலேன்னா, மறுநா காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"என்னது?" என்றாள் உள்ளேயிருந்து பேச்சியம்மாள்.

பெண்டாட்டி மேல் வைரவனுக்கு உயிர். தேங்கலூர்ப் பிள்ளையாதலால் புத்தி அளவாகத்தான் இருந்தது, பாசத்துக்குக் குறைச்சலில்லை. நேரே படகுத்துறைக்கு ஓடினான்.

"அண்ணே, நாளைக்குச் சாயங்காலம் எனக்கும் என் சம்சாரத்துக்கும் மட்டும் ஒரு படகு வேணும். எங்களை யாரும் பாக்கக் கூடாது. பேசுறது ஒருத்தர் காதுலயும் விழக் கூடாது. விளக்கு மங்கலா இருக்கட்டும். படகு நல்லா வாசமா இருக்கணும். முக்கியமா, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தப்படாது."

"அம்புட்டுத்தானே? நீ போய் நிம்மதியாத் தூங்கு தம்பி" என்றார் காத்தவராயன்.

அவன் போனதும் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"யாரும் பாக்கக் கூடாதுன்னுட்டாரு. அப்போ நாம?" என்று ஆரம்பித்தான் ஒச்சப்பன்.

"நாம என்ன?"

"நாமளும் ஆளுதானே அண்ணே? நமக்கும் கண்ணு இருக்கே?"

காத்தவராயன் மீசையைத் தடவிக்கொண்டார். "நியாயம்தான். கண்ணைக் கட்டிக்குவோம். காதுல பஞ்சு வெச்சுக்குவோம். வாங்கின கூலிக்கு வஞ்சகம் பண்ணப்படாது."

"கரையில இருக்கறவங்க பாத்தா?" என்றான் பூமாலை.

"பாக்கக் கூடாதுன்னு தெரிஞ்சா ஏன் பாக்கப் போறாங்க? தெரியாததாலதானே பாக்கறாங்க. நீ தப்பட்டையை எடுத்துக்கிட்டுப் போய் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வா."

வாச விஷயம் எளிதாக முடிந்தது. கருவாட்டு வாசத்துக்கு மேல் உலகத்தில் வாசம் கிடையாது என்பதில் நாலு பேருக்கும் ஒரே கருத்து. ஒரு கூடை கருவாடு வாங்கி உட்காரும் பலகைக்கு அடியில் வைத்தார்கள். விளக்குக்குத்தான் சண்டை வந்தது. திரியைக் குறைக்கலாம் என்றான் சீமைச்சாமி. "குறைச்சா அணைஞ்சிடும்டா முட்டாள். விளக்கைத் தூரத்துல வெச்சாலே மங்கலாத்தானே தெரியும்?" என்றார் காத்தவராயன். அப்படியே பெரிய விளக்காக ஒன்றை ஏற்றித் தன் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் பூமாலை தெருத்தெருவாக, அதாவது கால்வாய் கால்வாயாக, தப்பட்டை அடித்துக்கொண்டு போனான்.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! பாத்திரக்கடை வைரவனும் அவர் சம்சாரமும் இன்று சாயங்காலம் சந்தைத்துறையில் படகேறித் தனியாகப் பேசப் போகிறார்கள்! ஒருத்தரும் பார்க்கக் கூடாது!"

நல்ல ஊராயிருந்தால் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். தேங்கலூர் பதறிப்போயிற்று. எங்கேயோ இருந்துகொண்டு தவறிப்போய்ப் பார்த்துத் தொலைத்தால் என்ன செய்வது? படகு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கலாம்? ஆகவே ஊர் மொத்தமும் சந்தைத்துறைக்கு வந்து, கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றது. தண்ணீரை ஒட்டி நடுநாயகமாகப் பேச்சியம்மாள் நின்றாள்.

செண்பகவல்லி பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். அந்த முதுகுகளையெல்லாம் பார்த்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு துடுப்போடு உட்கார்ந்திருந்த நாலு பேரையும் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது கண்றாவி?"

"தெரியலியே" என்றான் வைரவன். பாவம், அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மாமியார் திரும்பாமலே குரல் கொடுத்தாள். "நான் ஒண்ணும் பாக்கலை. நீங்க பேசுங்க."

"ஆனா கேக்குதே அத்தை!"

"பாக்கக் கூடாதுன்னுதான் தப்பட்டை அடிச்சான். கேக்கக் கூடாதுன்னு எவனும் அடிக்கலை."

அதற்குமேல் அங்கே நின்று வாதாடினால் இருட்டிவிடும். செண்பகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு படகில் ஏறினாள். படகு கிளம்பினால் இவர்களை விட்டுத் தூரம் போய்விடலாம் என்று நினைத்தாள். வெளியூர்ப் பெண், அவளுக்கு என்ன தெரியும்?

காதில் பஞ்சு வைக்கப்போன நேரத்தில் சீமைச்சாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணே, எங்க போகணும்னு அவங்களைக் கேக்கலையே?"

"அட சனியனே!" காத்தவராயன் நடுங்கிப்போனார். "நல்ல காரியத்துக்குக் கிளம்புறவங்களை எங்க போறீங்கன்னு கேப்பாங்களாடா? போற காரியம் விளங்குமா? உங்கப்பன் ஆத்தா உன்னை இப்படியா வளத்தாங்க?"

"தப்புதான் அண்ணே. அப்போ எந்தப் பக்கம் தள்ளுறது?"

"அவங்கவங்க மனசுல தோணுற பக்கம் தள்ளுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

பஞ்சை வைத்தார்கள். முன்னால் இருந்த காத்தவராயனுக்கும் ஒச்சப்பனுக்கும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கோயிலுக்குத்தான் போவார்கள் என்று தோன்றியது. கிழக்குக் கரையைப் பார்க்கத் தள்ளினார்கள். பின்னால் இருந்த சீமைச்சாமிக்கும் பூமாலைக்கும் ஐஸ்கிரீம் கடைக்குத்தான் என்று தோன்றியது. மேற்குக் கரையைப் பார்க்கத் தள்ளினார்கள். படகு துறையை விட்டு நாலடி நகர்ந்து, நின்ற இடத்திலேயே செக்கு மாதிரி சுற்ற ஆரம்பித்தது.

செண்பகவல்லி அதையும் பொறுத்துக்கொண்டாள். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது. புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள்.

"நாம தனிக்குடித்தனம் போகலாமா?"

அவ்வளவுதான் கேள்வி. ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

அப்போது வைரவன் முகம் எதிர்க்கரைப் பக்கம் இருந்தது. "போகலாம் கண்ணு. நாளைக்கே வீடு பாக்கறேன்" என்றான். செண்பகவல்லிக்குக் கண் கலங்கியது. அதற்குள் படகு சுற்றிவிட்டது. எதிரே பேச்சியம்மாளின் முதுகு.

"ஆனா அம்மா கைப் பக்குவம் வேற எங்க வரும்? அம்மாவை விட்டுட்டு எப்படி..." என்றான் வைரவன்.

முதுகு லேசாக நிமிர்ந்தது.

படகு மறுபடி சுற்றியது. "சின்ன வீடாப் போதும். மாடியில ரெண்டு தொட்டி வெச்சுச் செடி வளக்கலாம்" என்றான். இன்னொரு அரைச்சுற்று. "பெரியவங்களை விட்டுட்டுப் போனா ஊர் காறித் துப்பாதா?" என்றான். வரிசையாக நின்ற முதுகுகளெல்லாம் ஆமாம் என்பது போல அசைந்தன.

"ஏங்க, அந்தப் பக்கம் போனா ஒரு பேச்சு, இந்தப் பக்கம் வந்தா ஒரு பேச்சா?" செண்பகவல்லிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நிறுத்தச் சொல்லுங்க படகை!"

"நிறுத்துங்க அண்ணே!" என்று கத்தினான் வைரவன். பஞ்சு நல்ல பஞ்சு. நாலு பேரும் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுக்காக எந்த நேரத்தில் ஏறியதோ, ஒரு பூனை மட்டும் பலகைக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது.

செண்பகவல்லி எழுந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "காலைல பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் வரேன்" என்று சொல்லிவிட்டுக் கால்வாயில் இறங்கினாள்.

முழங்கால் அளவுத் தண்ணீர்தான். தேங்கலூர்க்காரன் ஒருத்தனும் அதுவரை இறங்கிப் பார்த்ததில்லை. ஆழம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு காலங்காலமாகப் படகில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் எதிர்க்கரையைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தாள். வைரவன் அவளைப் பார்த்தான். அம்மாவின் முதுகைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு தொப்பென்று குதித்தான்.

"டேய் வைரவா, என்னடா தண்ணிச் சத்தம்? வேட்டி நனையப் போகுதுடா!" என்று கத்தினாள் பேச்சியம்மாள். அப்போதும் திரும்பவில்லை. தடை என்றால் தடை.

"நனைஞ்சா நனையட்டும்மா! நான் தனிக்குடித்தனம் போறேன்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான் வைரவன். செண்பகவல்லி நின்றாள், திரும்பிக் கை நீட்டினாள். இரண்டு பேரும் தண்ணீரிலேயே நடந்து எதிர்க்கரை ஏறிப் போய்விட்டார்கள். அந்த ஊர்க்காரன் ஒருத்தன் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அதையும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

பொழுது விடிந்ததும் கை ஓய்ந்துபோய் நாலு பேரும் கண்கட்டை அவிழ்த்து, காதுப் பஞ்சையும் எடுத்தார்கள். படகில் ஆளில்லை. பூனைதான் படுத்திருந்தது.

"அண்ணே, அவங்களைக் காணோம்!" என்று அலறினான் ஒச்சப்பன்.

"ஏன்டா கத்தறே? காணக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?" என்றார் காத்தவராயன்.

"ஆனா கண்ணை நல்லாத் திறந்து பாத்தும் தெரியலையே?"

"அதுதான்டா நம்ம தொழில் சுத்தம். கண்ணைத் திறந்தாலும் தெரியாத அளவுக்குத் தனிமை குடுத்திருக்கோம். எந்த ஊர்ப் படகுக்காரன் குடுப்பான்? வாயை மூடிக்கிட்டுத் தள்ளு. அவரு இன்னும் நிறுத்தச் சொல்லலை."

கூடைக் கருவாடு குறைந்திருந்தது. உள்ளே இருப்பவர்கள் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? பேச்சியம்மாள் அந்தச் செய்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வைரவன் பக்கத்துத் தெருவில் தனி வீடு பிடித்து, மாடியில் இரண்டு தொட்டி வைத்து, குடித்தனமும் செய்துகொண்டிருந்தான். அம்மாவையும் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவளோ ஊரெல்லாம், "என் பிள்ளையாவது தனிக்குடித்தனம் போறதாவது? அவன் படகுலதான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு, தினமும் ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து, முதுகைக் காட்டிக்கொண்டே படகில் வைத்துவிட்டுப் போவாள். பூனை நன்றாகக் கொழுத்துவிட்டது.

அடுத்த வருஷம் கல்யாண நாள் வந்தது. வைரவன் ஆசையாகப் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு சந்தைத்துறைக்குப் போனான்.

"அண்ணே, இன்னிக்குச் சாயங்காலம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு படகு வேணும்."

இன்னும் அதே படகில் துடுப்போடு இருந்த காத்தவராயன் விரலை உதட்டில் வைத்தார். "மெதுவாப் பேசு தம்பி. படகுல ஆள் இருக்காங்க."

"யாரு?"

"வைரவன்னு ஒரு பாத்திரக்கடைக்காரரு. அவரும் அவர் சம்சாரமும். போன வருஷம் ஏறினவங்க, இன்னும் பேசித் தீரலை."

செண்பகவல்லி புருஷன் முகத்தைப் பார்த்தாள். 'அது நான்தான்யா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள்.

வைரவன் படகை எட்டிப் பார்க்கப் போனான். சட்டென்று ஞாபகம் வந்தவனாகத் திரும்பி முதுகைக் காட்டி நின்றுகொண்டான். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"கொடுத்து வெச்சவன்!" என்றான். "அவனும் ஒரு ஆம்பளை. நானும்தான் இருக்கேனே, உனக்கு என்ன செஞ்சேன்?"

செண்பகவல்லி அவனை விட்டுவிட்டுக் காத்தவராயன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, காலைல முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

காத்தவராயன் மீசையைத் தடவினார், யோசித்தார், கையைப் பிசைந்தார்.

"எந்த ஊரு பஸ்ஸுன்னு தெரிஞ்சாத்தானே தாயி நேரம் சொல்ல முடியும்? உன்னைக் கேக்கலாம்னு பாத்தா, கிளம்புறவங்களை எங்க போறேன்னு கேக்கப்படாது."