நான்காவது கல்

முன்னொரு காலத்தில் வெண்பாறை நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதே பொருத்தம். ஐந்தாம் பிறையில் பிறந்தவராம். அதனால் அவருக்கு எல்லாம் ஐந்தாக இருக்க வேண்டும். சாப்பிடும் தட்டுக்குக்கூட ஐந்து மூலை. ரசம் எந்த மூலையில் வழியுமோ என்று பரிமாறுகிறவர்கள் திண்டாடினார்கள்.

அவருடைய பிரதானி பூவராகர். பிரதானி நந்தவனத்துக்கு அளந்து கொடுத்த சதுரத்தை ஒருமுறை கல்தச்சர் கொம்பையா மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்தார். "நாலு பக்கமும் சமந்தான் சாமி. ஆனா ஒரு குறுக்குக் கயிறு நீளமா இருக்கு, இன்னொண்ணு குட்டையா இருக்கு. இது சதுரமில்ல, சாய்ஞ்சுபோச்சு" என்று வேலையாட்கள் முன்னால் சொல்லிவிட்டார். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் பிரதானிக்கு ஆறவே இல்லை.

புதிய கொலுமண்டபத்துக்குத் தரை போடும் நாள் வந்தது. முழுக்க ஐங்கோணக் கற்களாகவே பதிக்கலாம், பக்கமெல்லாம் சமம், மூலையெல்லாம் சமம், எறும்பு நுழையவும் சந்து இருக்கக் கூடாது என்று பூவராகர் ஓதினார். ராஜா பூரித்துப்போனார். கல்லில் ஒரு மூலையை வெட்டினாலும் ராஜதுரோகம், சந்து விட்டால் தச்சனின் கட்டைவிரல் போகும் என்று கட்டளை போட்டார்.

பிரதானி ஆள்வைத்துச் செதுக்கியிருந்த ஐந்நூறு கல்லும் வந்திறங்கின. சாந்து பூசுமுன் வெறுங்கல்லாகப் பரப்பிப் பார்ப்பது தச்சர் முறை. சதுரமென்றால் ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு கல் கச்சிதமாக உட்காரும். சமபக்க முக்கோணமென்றால் ஆறு, அறுகோணமென்றால் மூன்று. இந்த ஐங்கோணமோ மூன்று வைத்தால் சந்து விழுந்தது. நான்காவது கல்லுக்கு அந்தச் சந்து போதவில்லை. எப்படித் திருப்பினாலும் அதே கதை. கொம்பையா தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். பயமாகத்தான் இருந்தது. அந்த ராஜாவிடம் முடியாது என்று சொன்னவர்கள் யாரும் ஊரில் மிச்சமில்லை.

மறுநாள் அவை கூடியதும் மூன்று கல்லை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"நாலாவது கல்ல, யோசன சொன்ன பெரியவர் கையால வைக்கிறதுதான் எங்க வழக்கம், மகாராஜா."

அப்படியொரு வழக்கம் அன்று காலைவரை இருந்ததில்லை.

பூவராகர் பெருமையாகக் குனிந்தார். கல் உட்காரவில்லை. திருப்பினார், அழுத்தினார், முழங்காலால் தள்ளினார். தலைப்பாகை கழன்று விழுந்ததுதான் மிச்சம்.

"பிரபு, ஓரத்தைச் சற்றே செதுக்கினால்..."

"செதுக்கினால் ராஜதுரோகம்" என்றார் ராஜா.

"அப்படியானால் இது பொருந்தாது, பிரபு. யார் வைத்தாலும் பொருந்தாது."

தான் சொல்லியிருந்தால் விரல் போயிருக்கும் வார்த்தையைப் பிரதானியே சொல்லக் கேட்டு, கொம்பையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ராஜாவின் மீசை துடிப்பதைப் பார்த்து மெல்ல வாயைத் திறந்தார்.

"இன்னும் ஒரு பக்கம் கூட்டிக்குங்க, மகாராஜா. அறுகோணம் சந்தில்லாம சேரும். அஞ்சு பக்கம் உங்க பெருமைக்கு. ஆறாவது, அதத் தாங்கிக்கிட்டிருக்கிற சனங்களுக்கு."

பாராட்டா குத்தலா என்று ராஜாவுக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரித்துவிட்டார். கொம்பையாவுக்குப் பட்டும் பத்துக் காணி நிலமும் கொடுத்தார். அறுகோணம் தன் யோசனை என்று வாசலில் கல்வெட்டும் வைத்துக்கொண்டார்.

பிரதானிக்கும் பரிசு உண்டு. அந்த ஐந்நூறு கல்லையும் அவர் வீட்டுக் கூடத்தில் அவரே பதிக்க வேண்டும். மூலை வெட்டக் கூடாது, சந்து விடக் கூடாது, வேலை முடியும்வரை அவைக்கு வரவும் கூடாது.

மகரகேது போய் அவர் மகன் பட்டத்துக்கு வந்துவிட்டான். பிரதானி மட்டும் இன்னும் அவைக்கு வரவில்லை.